ஈரக்காலோடு ஏறிப் பாருங்கோ

அவர் ஒருவரையும் முகத்தைப் பார்த்து வரவேற்றதில்லை. கடையின் படியேறி யார் வந்தாலும் அவருடைய கண் முதலில் வந்தவரின் காலுக்குத்தான் போகும். செருப்பு, குதிக்கால் வெடிப்பு, நகத்தில் ஏறிய மண், நடையில் ஏதும் இழுப்பு இருக்கிறதா, இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகே நிமிர்ந்து "வாங்கோ" என்பார். முதல் நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. என் இடக்கால் செருப்பின் வார் தைத்துப் போட்டது. அதைப் பார்த்துத்தான் என்னை மட்டுக்கட்டுகிறார் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாண நகருக்குள் உள்ள பெரிய ரைல் கடை அது. பெயர் வேண்டாம். கீழே குளியலறைச் சாமான்கள், மேலே தரைக்குப் பதிக்கிற ரைல்கள். மேலே ஏற இருபத்திரண்டு படி. அந்த மேல்தட்டில் நின்ற விற்பனையாளர்தான் அவர். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். மெலிந்த ஆள். கடையில் தந்த சட்டை அவருக்கு ஓர் அளவு பெரிது. சட்டையில் குத்தவேண்டிய பெயர் அட்டையைப் பைக்குள் போட்டு வைத்திருப்பார். செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பார்.

நான் அங்கே ஆறு தடவை போயிருக்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஆட்களையும் காணிகளையும் மாடுகளையும் எண்ணி எழுதியவன் நான். என் வீட்டில் யன்னல் கம்பி எத்தனை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அவரைப் பற்றி மட்டும் என்னிடம் ஓர் எண்ணிக்கையும் இல்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்பது அவருடைய வேலையாக இருந்தது. ஒரு ரைலையும் கையில் எடுக்குமுன் அவர் கேட்பார்: "வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் நல்ல மனத்தோடு எடுத்துக்கொள்வதில்லை. ஆர் இருக்கினம் என்று தொடங்கினால், எந்தப் பக்கம், ஆரின்ரை ஆக்கள் என்று போகும். அது சாதியில் போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

"ஏன், சம்பந்தம் பேசப்போறீரோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இல்லை ஐயா. நடக்கிற ஆக்களின்ரை வயதைக் கேக்கிறன்."

"ரைலுக்கு என்னத்துக்கு வயது?"

"ரைலுக்கு வேண்டாம். காலுக்கு வேணும்."

நான் சொன்னேன், சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். எனக்கு எழுபத்தாறு. மனைவிக்கு எழுபத்தொன்று, பதினாலு வருடமாகச் சீனி வருத்தம். ஒரே மகன் கனடாவில். உரும்பிராயில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு அவன் புது வீடு கட்டுகிறான், கட்டுவிக்கிறவன் நான். கூரை போட்டாயிற்று, பூச்சு முடிந்தது, தரை மட்டும் மிச்சம்.

"அப்ப ரண்டு பேர். ரண்டு பேரும் வயது போன ஆக்கள்," என்றார் அவர். முகத்துக்கு நேரே அதைச் சொன்ன முதல் கடைக்காரர் அவர்தான்.

ரைல்களை அவர் சோதிக்கும் விதங்கள் மூன்று. விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோவது ஒன்று. இரண்டாவது தேத்தண்ணி. ரைலைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகில் தன் கோப்பையிலிருந்து வெறுந்தேத்தண்ணி நாலு சொட்டு விடுவார். "குடிக்குதோ எண்டு பாருங்கோ" என்பார். சாதாரண ரைல் பார்த்துக்கொண்டிருக்க உறிஞ்சிவிடும். நல்லாய்ச் சுட்டு இறுகிய விற்றிஃபைட் ரைலில் சொட்டு அப்படியே குமிழாக நிற்கும். "இது குடிக்காது. குடிக்காததுதான் கனகாலம் இருக்கும்" என்பார், மனிசருக்கும் சேர்த்துச் சொல்வதுபோல.

மூன்றாவது சோதனையில்தான் சனத்துக்கு எரிச்சல் வந்தது. ஒரு போத்தலில் தண்ணீர் வைத்திருப்பார். ரைலைத் தரையில் போட்டுத் தண்ணீரைத் தெளித்து, "செருப்பைக் கழட்டிப்போட்டு ஈரக்காலோடு ஏறிப் பாருங்கோ" என்பார். காரில் வந்து இறங்கிய ஆட்களுக்கு, நாலு பேர் பார்க்கச் செருப்பைக் கழற்ற வெட்கம். சப்பாத்துப் போட்டவர்கள் நேரே மறுத்தார்கள். நானும் முதல் இரண்டு தடவை மறுத்தேன்.

ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் வெளியே போய்வந்தால் கிணற்றடியிலோ பைப்படியிலோ கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கிறோம். கழுவிய காலைத் துடைத்துக்கொண்டு வருகிற ஆட்கள் குறைவு. என் மனைவி ஒரு நாளைக்கு ஐந்து தடவை கால் கழுவுவாள். ஐந்து தடவை ஈரக்காலோடு உள்ளே வருவாள். ரைல் கொம்பனிக்காரரின் படப் புத்தகத்தில் அந்தப் பளபளத்த தரையில் நிற்பவர்கள் எல்லோரும் காலுறை போட்டிருக்கிறார்கள். நான் புரட்டிப் பார்த்தேன். பதினேழு படத்தில் ஒரு வெறுங்கால் இல்லை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் எங்கள் ஈரக்காலுக்குத் தரை வாங்குகிறோம்.

இரண்டாவது தடவை நான் போனபோது நெல்லியடிப் பக்கம் கலியாண மண்டபம் கட்டுகிற ஒருவர் வந்திருந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன்.

"கறுப்பு வேணும். குனிஞ்சா முகம் தெரியோணும்," என்றார்.

"மணவறைப் பக்கத்துக்கோ அண்ணை, சாப்பாட்டுப் பக்கத்துக்கோ?"

"ரண்டுக்கும்தான்."

"சாப்பாட்டுப் பக்கம் வாளி தூக்கிக்கொண்டு பரிமாறுறவை ஓடித்திரிவினம். ரசம் சிந்தும். கறுப்பிலை சிந்தினது தெரியாது. சுடுசாம்பாரோடை ஒராள் வழுக்கினா என்ன செய்யிறது? மற்றது, எங்கடை தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கறுப்பைத் துடைச்சுக் காய விட்டா வெள்ளை படரும். ஒவ்வொரு கலியாணத்துக்கும் மண்டபம் விபூதி பூசின மாதிரி இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். மண்டபக்காரர் என்னையும் முறைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "என்ன காணும், நீர் விக்க நிக்கிறீரோ, மறிக்க நிக்கிறீரோ?"

"விக்கத்தான் அண்ணை. சாப்பாட்டுப் பக்கம் உந்தச் சாம்பல் கரட்டு ரைலைப் போடுங்கோ. மணவறைப் பக்கம் உங்கடை கறுப்பைப் போடுங்கோ. மாப்பிளை வழுக்கினாப் பிடிக்க ஆக்கள் நிப்பினம்தானே."

அந்த மனிதர் இருபத்திரண்டு படியும் அதிர இறங்கிப் போனார். வேறு கடையில் வாங்கியிருப்பார். எங்களைத் தவிர, விற்பனையாளரை நம்பிச் செருப்பைக் கழற்றிய ஒரே ஒருவரைத்தான் நான் கண்டேன். குருநகரிலிருந்து வந்த ஒரு மனிசி. கடற்தொழில் செய்கிற குடும்பம். அவவும் மினுக்கம்தான் கேட்டா. அவர் ஒரு ரின்னிலிருந்து கடல்மண் ஒரு பிடி எடுத்து, மினுக்கிய ரைலில் போட்டு, "உங்கடை காலாலை தேய்ச்சுப் பாருங்கோ அக்கா" என்றார். அவ தேய்த்தா. மெல்லிய கீறல் விழுந்தது.

"அப்ப எங்கடை வீட்டிலை ராசகுமாரியளைக் கூப்பிட்டுத்தான் நடக்கவிடோணும்," என்று அவ வாய்விட்டுச் சிரித்தா. கரட்டு ரைலை எடுத்துக்கொண்டு போனா. போகும்போது அவரிடம், "தம்பி, நீர் இந்தக் கடையிலை கனநாள் நிக்கமாட்டீர்," என்றும் சொல்லிவிட்டுப் போனா.

அன்று ஆள் குறைவு. அவர் பெட்டிகளின் மேலே இருந்துகொண்டு என்னோடு கொஞ்சம் கதைத்தார். "ஐயா, இஞ்சை வாறது ஒருத்தர். காசு அனுப்பிறது இன்னொருத்தர். நடக்கிறது மூண்டாவது ஆள். அந்த மூண்டாவது ஆளை நான் ஒருநாளும் காணுறேல்லை. அம்மாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

அவர் கேட்டபடியால்தான் நாலாவது தடவை என் மனைவியைக் கூட்டிப்போனேன். எனக்காகத் தோன்றி நான் கூட்டிப்போனதாக எழுத ஆசைதான். அது பொய்.

அவள் படியேறி முடித்து மூச்சு வாங்கக் கதிரையில் இருந்தாள். அவர் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, வழக்கம்போல் காலைப் பார்த்தார்.

"கால் விறைப்பு இருக்கோ அம்மா?"

"ஓம் தம்பி. பஞ்சுக்கு மேலை நடக்கிற மாதிரி இருக்கும். தரை எங்கை இருக்கெண்டு சிலவேளை தெரியாது."

பதினாலு வருடம். ஒரு நாளைக்கு எத்தனை குளிசை, எந்த மாதம் சீனி எவ்வளவு, எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கால் எப்படி என்று ஒரு ரைல் கடைக்காரர் கேட்டதும் சொல்லிவிட்டாள்.

அவர் நாலு ரைலை வரிசையாகப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏறினாள். முதல் மூன்றிலும் பிடியை விடவில்லை. நாலாவது சாம்பல் நிறம், மினுக்கம் இல்லாதது, மேலே மெல்லிய சுரசுரப்பு. அதில் ஏறியதும் என் தோளிலிருந்த கையை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இது தெரியுது," என்றாள்.

"என்ன தெரியுது?"

"தரை."

அவர் எழும்பி நின்றார். போத்தலை மூடினார், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் மகன் போனில் வந்தான். வீடியோவில் காட்டச் சொன்னான். நான் வரிசையைக் காட்டினேன்.

"அந்த வெள்ளை, அப்பா. நாலுக்கு ரண்டு. லைற்றைப் போட்டா ஹோல் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்கோணும்."

"அம்மாவுக்கு இந்தச் சாம்பல்தான் பிடிச்சிருக்கு."

"சாம்பலோ? உது கோழிக்கூட்டுக்குப் போடுறது. ஆரும் வந்து பாத்தா என்ன நினைப்பினம்?"

அவர் பக்கத்தில் வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, வருசத்திலை எத்தினை நாள் வருவியள்?"

மகன் திகைத்துப்போனான். "மூண்டு கிழமை. ஏன்?"

"மிச்சம் நாப்பத்தொன்பது கிழமையும் நடக்கிற ஆள் இஞ்சை நிக்கிறா. அவவைக் கேட்டியளோ?"

மகன், "அப்பா, உந்தாள் ஆர்? எங்கடை வீட்டுக் கதை உவருக்கு என்னத்துக்கு?" என்றான்.

எனக்கு முகம் சுட்டது. கடையில் வேறு இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகனிடம் நான் கேட்கவேண்டிய கேள்வியை அந்நியன் ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டது சரி என்பதுதான் கூடச் சுட்டது. நான் போனை என் பக்கம் திருப்பி, "வெள்ளையே எடுப்பம், தம்பி," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "விடுங்கோ தம்பி," என்றாள். "பிள்ளை ஆசைப்பட்டுச் செய்யிறான்."

"செம்பாட்டு மண் ஊர் அம்மா. வெள்ளை," என்று தொடங்கியவர் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்.

கீழே வந்ததும் அவளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன். மூன்று வசனம் சொன்னேன். உங்கள் ஆள் வாடிக்கையாளரின் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறார். போன கிழமை ஒரு மண்டபக்காரரையும் இப்படித்தான் துரத்தினார். மலிவுச் சாமானை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். மூன்றாவது வசனம் முழுப் பொய். சாம்பல் ரைல் மலிவுதான், ஆனால் அதை விற்பதால் அவருக்கு என்ன வரப்போகிறது? முதலாளி எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு அப்போது நிறைந்த திருப்தி. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடத்தில் ஒருவர் எழும்பி நின்று என்னிடம் கதைத்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது தடவை போனபோது மேல்தட்டில் வேறொருவர் நின்றார். சப்பாத்துப் போட்டவர், சிரித்த முகம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. "சூப்பர் செலக்சன் சேர்" என்றார். எனக்கும் அது போதுமாயிருந்தது.

தரை பதித்து முடித்து வீடு குடிபுகுந்தோம். வந்தவர்களில் பத்தொன்பது பேர் "கண்ணாடி மாதிரி" என்றார்கள். நான் எண்ணினேன். அவர்களில் ஒருவரும் அதைக் காலுக்குச் சொல்லவில்லை, கண்ணுக்குச் சொன்னார்கள். முதற்கிழமையே சமைக்கப் போகையில் அவள் குசினி வாசலில் வழுக்கினாள். விழவில்லை, நிலையைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு சுவரோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினாள். நான் கால்மிதிகள் வாங்கிப் போட்டேன். மிதித்ததும் அந்தத் தரையில் அவையே முதலில் வழுக்கின. அடியில் றப்பர் வைத்தது வாங்கினேன். அதன் விளிம்பில் அவளுடைய உணர்ச்சியில்லாத கால்விரல் தடக்கியது. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வாரும் என்று சொன்னேன். ஒரு காலில் நின்று மற்றக் காலைத் துடைக்க அவளால் முடியாது என்பதைச் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அறையிலிருந்து பின்கதவுக்கு, குடிவந்த நேரம், அவளுக்குப் பதினெட்டு அடி. இரண்டாம் மாதம் முப்பத்தொன்று. நாலாம் மாதம் நாற்பத்துநாலு. தூரம் கூடவில்லை, அடி சிறுத்துப்போனது. இருந்த கதிரையில் இருந்துகொண்டு எண்ணுவேன். அவள் தன் வீட்டுக்குள், பாசி பிடித்த கிணற்றடியில் நடப்பதுபோல நடந்தாள்.

நாற்பத்துநாலு எண்ணிய அடுத்த நாள் ஆறாவது தடவையாகக் கடைக்குப் போனேன். அவரை விசாரித்தேன். கடைக்குப் பின்னால் உள்ள ஸ்ரோரைக் காட்டினார்கள். ரைல் பெட்டிகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. அங்கே அவர் செருப்புப் போட்டிருந்தார். என்னால்தான் இங்கே வந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அம்மா எப்பிடி நடக்கிறா?" என்றார்.

நான் மூன்று எண்ணையும் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"மினுக்கத்தை எடுக்கிற மருந்து ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"பூசுறதுக்குச் சாமான் இருக்கு ஐயா. பூசினா மங்கும், திட்டுத்திட்டாத் தெரியும். நானெண்டா வேறை மாதிரிச் செய்வன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கட்டோ?"

சைக்கிளில் உரும்பிராய்வரை வந்தார். பைப்படியில் கால் கழுவினார். துடைக்காமல் உள்ளே வந்தார். அவளை முன்னே நடக்கச் சொல்லி, இரண்டு கை விரித்தபடி பின்னால் நடந்தார். பிறகு அறை வாசலிலிருந்து பின்கதவுவரை தன் பாதத்தால் அளந்தார்.

"ஒரு வரி மட்டும் கிளப்புவம் ஐயா. பதினாலு ரைல். அந்த வரிக்குச் சாம்பலைப் பதிப்பம். அம்மா நடக்க ஒரு ஒழுங்கை மாதிரி. அந்தச் சாம்பலிலை கொஞ்சம் நான் ஸ்ரோரிலை ஒதுக்கி வைச்சிருக்கிறன்."

"ஹோலுக்கு நடுவிலை ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குமே?"

"இருக்கும்," என்றார். இல்லை என்று ஒப்புக்காவது சொல்லியிருக்கலாம்.

"மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறான். அவன் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போகட்டும். பேந்து செய்வம்."

"எப்ப வாறார்?"

"இன்னும் இருபத்தாறு நாள். நிண்டு போக இருபத்தொண்டு."

"அம்மா நாளைக்கு எத்தினை தரம் கால் கழுவுறவ?"

"அஞ்சு."

"நாப்பத்தேழு நாள். இருநூற்று முப்பத்தைஞ்சு தரம் ஐயா," என்றார். கணக்குச் சரி. நான் மனத்துக்குள் போட்டு முடிக்குமுன் அவர் சொல்லிவிட்டார். அவள் குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்து, "என்ன சொல்லுறீர்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நாப்பத்தேழு நாள்தானே," என்றேன்.

இருபதாம் நாள் காலை விழுந்தாள். கால் கழுவிவிட்டு, சாமிக்கு வைக்கச் செவ்வரத்தம்பூ ஆய்ந்துகொண்டு வந்தவள். பூ இருந்தபடியால் சுவரைப் பிடிக்கக் கையில்லை. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. அது தொண்ணூற்றாறாவது தடவையாக இருக்கவேண்டும். அந்தக் கணக்கைச் செய்யாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். சீனியால் காயம் ஆற நாள் எடுத்தது. நடப்பாளா என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் "பாப்பம்" என்றார்கள்.

மகன் வந்தான். திருவிழாவுக்கு அவன் ஒருநாளும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடினான். தாயைத் தூக்கினான், கழுவினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கொழும்பிலிருந்து நல்ல சக்கரக் கதிரை ஒன்று எடுப்பித்து, அவளை அதில் இருத்தி, ஹோலைச் சுற்றி ஒருதரம் தள்ளிக் காட்டினான்.

"பாத்தியளே அப்பா, எவ்வளவு லேசா உருளுது. அந்தக் கரட்டு ரைலெண்டா இப்பிடி உருளாது. நல்ல காலம் இதை எடுத்தது."

அவன் நல்ல மனத்தோடுதான் சொன்னான். அவள் "ஓம் ராசா" என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகன் திரும்பிப் போய் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அவர் இறங்கினார். பின் ஆசனத்தில் சாக்கு விரித்து, அதன்மேல் பதினாலு சாம்பல் ரைலும். கரணையும் சீமெந்துப் பையும் காலடியில். மகன் போகும் நாளை அவர் மறக்கவில்லை. ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லியிருக்கவேண்டும், அவரிடம் போகும் வழி எனக்கு மட்டும்தான் தெரியும்.

பைப்படியில் கால் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் கதிரையைக் கண்டார். உள்ளே வரவில்லை. முதன்முதலாக அவர் ஓர் ஆளின் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்ததை நான் கண்டேன்.

"எப்ப அம்மா?"

"மகன் வர முந்தி. ஆறு நாளைக்கு முந்தி."

அவர் நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஈரக்காலிலிருந்து தண்ணீர் வடிந்து வாசற்படியில் நின்றது.

"நீங்கள் சொன்னது சரி தம்பி," என்றாள் அவள்.

"சொன்னது காணாது அம்மா," என்றார். "அண்டைக்குக் கடையிலையே நான் இன்னும் வடிவாச் சண்டை பிடிச்சிருக்கோணும். நான் விட்டிட்டன். என்ரை பிழை."

அவர் அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சொல்லவேண்டியவர் சொல்லட்டும் என்று இடம் விட்டுப் பார்த்தாள். அவரும் நின்றார். ஒரு வசனம் போதும். முதலாளியிடம் மூன்று வசனம் சொல்ல வந்த வாய்தான் என்னுடையது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்," என்றேன்.

"வேண்டாம் ஐயா. ஓட்டோ நிக்குது." பிறகு அவளிடம் மட்டும், "வாறன் அம்மா," என்றார்.

ஓட்டோ திரும்பிப் போகும்வரை நான் வாசலில் நின்றேன். உள்ளே பார்த்தபோது அவள் தானாகவே கதிரையைத் திருப்பி அறைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தரையில் சில்லுகள் ஒரு சத்தமும் போடவில்லை.